வால்வு ஆம்ப்ளிஃபையருக்குப் பாதுகாப்பான வோல்டேஜ் டபுளர்: முழுமையான வழிகாட்டி

சென்னையில் பாரிமுனையிலோ ரிச்சி தெருவிலோ போய் "230-க்கு 110 கன்வெர்ட்டர்" என்று கேட்டால், தகரப் பெட்டிக்குள் அடைத்த ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மிக்சியை ஓட்ட அது போதும். வால்வு ஆம்ப் கட்டுகிறவருக்கோ உடனே ஒரு கணக்கு ஓடும்: 110 வோல்ட் ஏ.சி.யை டயோடும் கெப்பாசிட்டரும் கொண்ட டபுளரில் இரட்டித்தால் 300 வோல்ட் டி.சி. வந்துவிடுமே, தனியாக எச்.டி. (வால்வுக்கு வேண்டிய உயர் வோல்டேஜ்) ட்ரான்ஸ்ஃபார்மர் எதற்கு? கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பெட்டிகளில் பல ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர்கள். உள்ளே இருப்பது ஒரே வைண்டிங், அதன் நடுவிலிருந்து ஒரு வயரை வெளியே இழுத்திருப்பார்கள். மெயின்ஸுக்கும் உங்கள் சேசிஸுக்கும் (ஆம்பின் உலோக உடல்) நடுவில் பிரிப்பு என்று எதுவும் இருக்காது. எர்த் சரியாக இருந்தால் போட்டவுடன் பியூஸ் போகும். எர்த் இல்லாத வீட்டில் சேசிஸ் முழுக்க கரண்ட் நிற்கும். அதில் இணைத்த போன், சிடி பிளேயர், கிட்டார் கம்பி வரை அது போகும்.

கண்டுபிடிப்பது எளிது. ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து, உள்ளே போகும் ஒரு வயரையும் வெளியே வரும் ஒரு வயரையும் தொடுங்கள். நான்கு விதமாகவும் மாற்றிப் பாருங்கள். ஒன்றில் சில ஓம் காட்டினாலும் அது ஆட்டோ. இந்த வேலைக்கு ஆகாது. நான்கிலும் எதுவும் காட்டக் கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் மெயின்ஸை நேராக டபுளருக்குக் கொடுத்து 650 வோல்ட் எடுக்கும் சர்க்யூட்டுகளும் சுற்றுகின்றன. அவற்றை எந்தச் சூழலிலும் கட்டாதீர்கள்.

எதற்காகக் கட்டுகிறோம்

எண்கள் இல்லாமல் பவர் சப்ளை வடிவமைக்க முடியாது என்பதால் ஒரு குறிப்பிட்ட ஆம்பை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோ. சேனலுக்கு ஓர் இ.எல்.84 பவர் வால்வு, சிங்கிள் எண்டட் (ஒரே வால்வு முழு அலையையும் கையாளும் வகை), முன்னால் சிறிய சிக்னலைப் பெருக்க இரண்டுக்கும் பொதுவாக ஓர் இ.சி.சி.83. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த இ.எல்.84 பழைய சரக்கில் அவ்வப்போது கைக்கு வரும் என்பதால் இந்த வால்வு இங்கே பலருக்கும் பழக்கமானது.

இ.எல்.84-இன் வழக்கமான நிலை: பிளேட்டில் 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர், ஸ்க்ரீனில் 5.5 மில்லி ஆம்பியர், கேத்தோடு ஜீரோவுக்கு 7.3 வோல்ட் மேலே நிற்கும். இரண்டு வால்வுக்கும் சேர்த்து 107 மில்லி ஆம்பியர். இ.சி.சி.83-க்கும் பிளீடருக்கும் (கெப்பாசிட்டரில் தேங்கும் சார்ஜை வடிக்கும் ரெசிஸ்டர்) போகிறதையும் கூட்டினால் 115 என்று வைத்துக்கொள்ளலாம். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி செம்பிலேயே 14 வோல்ட் அளவுக்கு விழும். ஆக 250, 7, 14 சேர்ந்து ஃபில்ட்டருக்குப் பிறகு 270 வோல்ட் தேவை. ஃபில்ட்டரில் 10 முதல் 15 வோல்ட் போகும். டபுளரின் வாயில், லோடோடு, 285 வோல்ட் வேண்டும்.

ஏ.சி. வோல்டேஜை 2.82-ஆல் பெருக்கினால் டபுளரின் உச்ச வோல்டேஜ். அது லோடு இல்லாதபோது மட்டும் கிடைப்பது. லோடு ஏறியதும் கெப்பாசிட்டர் தணிவதாலும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸாலும் இறங்கி, நடைமுறையில் 2.4 முதல் 2.6 மடங்கில் நிற்கும். நடுவில் 2.5 என்று எடுத்தால் 115 வோல்ட் செகண்டரிக்கு 287 வோல்ட். அதுதான் நமக்கு வேண்டியது.

கரண்ட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 115 மில்லி ஆம்பியர் டி.சி. வேண்டும் என்றால் 115 மில்லி ஆம்பியர் வைண்டிங் போதாது. கெப்பாசிட்டர்கள் ஒவ்வொரு சைக்கிளிலும் சில மில்லி செகண்டுகள் மட்டும், பெரிய துடிப்பாகக் கரண்ட்டை இழுக்கின்றன. வைண்டிங்கைச் சூடாக்குவது அந்தத் துடிப்பு. ஃபுல் வேவ் டபுளரில் எடுக்கக்கூடிய டி.சி., செகண்டரியின் ஏ.சி. ரேட்டிங்கில் 0.28 பங்குதான். 115-ஐ 0.28-ஆல் வகுத்தால் 410 மில்லி ஆம்பியர். 500-க்குச் சுற்றச் சொல்லுங்கள். 150-க்குச் சுற்றியது ஒரு மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு ஏறும், வார்னிஷ் வாடை வரும்.

அடுத்து மோசமான நிலைக்கான கணக்கு. மின்சாரம் 230-லிருந்து 10 சதவீதம் ஏறி 253 வந்து, வால்வுகள் இன்னும் சூடாகாமல் லோடே இல்லாதபோது என்ன ஆகும்? லோடில்லாத ட்ரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும்: 115 என்பது 124 ஆகும். அதன் மேல் 10 சதவீதம்: 136.6. உச்சம் 193 வோல்ட். இரண்டும் சேர்ந்து 386. இந்த 193-ஐயும் 386-ஐயும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாகங்களின் வோல்டேஜையும் இவை முடிவு செய்கின்றன. சிலிக்கான் டயோடு போட்டவுடன் எச்.டி. கொடுத்துவிடும், வால்வு சூடாகப் பல செகண்டுகள் ஆகும். ஆகவே ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் லோடில்லாத அந்த வோல்டேஜைப் பாகங்கள் பார்க்கத்தான் போகின்றன.

சர்க்யூட்

செகண்டரியின் இரண்டு முனைகளுக்கு அ, ஆ என்று பெயர் வைப்போம். இரண்டு கெப்பாசிட்டர்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொடரில். மேல் கெப்பாசிட்டரின் ப்ளஸ்தான் எச்.டி. கீழ் கெப்பாசிட்டரின் மைனஸ்தான் ஜீரோ வோல்ட். இரண்டும் சேரும் நடுப்புள்ளியில் ஆ முனை வருகிறது. அ முனையிலிருந்து ஒரு டயோடு மேலே எச்.டி.யை நோக்கி, அதன் கேத்தோடு, அதாவது வெள்ளிக் கோடு உள்ள பக்கம், எச்.டி.யில். இன்னொரு டயோடின் கேத்தோடு அ முனையில், ஆனோடு ஜீரோ வோல்ட்டில். அ ப்ளஸாக இருக்கும் அரை சைக்கிளில் மேல் கெப்பாசிட்டர் நிரம்பும். மைனஸாக இருக்கும் அரை சைக்கிளில் கீழ் கெப்பாசிட்டர் நிரம்பும். இரண்டும் மாறி மாறி நிரம்புவதால் ரிப்பிள், அதாவது டி.சி.யில் மிச்சம் நிற்கும் ஏற்ற இறக்கம், 100 ஹெர்ட்ஸ்.

ஹாஃப் வேவ் டபுளர் என்று இன்னொன்று உண்டு. செகண்டரியின் ஒரு முனையை ஜீரோ வோல்ட்டில் கட்ட முடியும் என்பது அதன் ஒரே வசதி. ரிப்பிள் 50 ஹெர்ட்ஸில் வரும், ஃபில்ட்டர் இரட்டிப்பாக வேண்டும், கடைசிக் கெப்பாசிட்டர் முழு வோல்டேஜையும் தனியாகத் தாங்க வேண்டும். 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஆம்புக்கு ஃபுல் வேவ்தான் சரி.

ஃபுல் வேவில் கவனிக்க வேண்டியது: செகண்டரியின் எந்த முனையும் சேசிஸைத் தொடக் கூடாது. ஆ முனை எப்போதும் எச்.டி.யில் பாதி வோல்டேஜில் நிற்கிறது. அதைச் சேசிஸில் கட்டினால் கீழ் டயோடு செகண்டரிக்கு நேர் ஷார்ட் ஆகி பியூஸ் போகும். அ முனையைக் கட்டினால் அதைவிட மோசம்: கீழ் எலக்ட்ரோலிட்டிக் மேல் நேரடியாக ஏ.சி. விழும், சில நொடிகளில் வெடிக்கும். சென்டர் டேப் உள்ள பழைய எச்.டி. ட்ரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தினால் அந்த டேப்பைத் தனியாக ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள்.

இரண்டு டயோடு போதும் என்றுதான் பெரும்பாலான படங்களில் இருக்கும். நான்கு போடுங்கள். கீழ் டயோடு எப்போதாவது ஓப்பன் ஆனால் கீழ் கெப்பாசிட்டருக்குச் சார்ஜ் வராது. ஆனால் லோடு கரண்ட் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது கெப்பாசிட்டரைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யும். தலைகீழ் வோல்டேஜில் எலக்ட்ரோலிட்டிக் கொதித்து மூடியைப் பிளந்துகொண்டு வரும். இதைத் தடுக்க ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மேலும் ஒரு டயோடு, கேத்தோடு ப்ளஸில் இருக்கும்படி. சாதாரண நேரத்தில் அது எதுவும் செய்யாது. கோளாறு வந்தால் தலைகீழ் வோல்டேஜை ஒரு வோல்ட்டுக்குள் நிறுத்தும், எச்.டி. பாதியாக இறங்கும், பாட்டு உறுமலோடு தேய்ந்து வரும். அது உங்களுக்கு எச்சரிக்கை.

நான்கையும் வரைந்து பார்த்தால் அது ஒரு சாதாரண பிரிட்ஜ் என்பது தெரியும். பிரிட்ஜின் ஒரு ஏ.சி. முனை மட்டும் கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளியில் கூடுதலாக இணைந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். பின்னால் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்குமே, 115 பக்கம் தள்ளினால் நடப்பது இதேதான்.

பாகங்கள்

டயோடு: 1என்4007, நான்கு. ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய தலைகீழ் வோல்டேஜ் அதிகபட்சம் 386. இது 1000 வரை தாங்கும்.

டபுளர் கெப்பாசிட்டர்: 220 மைக்ரோஃபாரட், 250 வோல்ட், 105 டிகிரி, இரண்டு, ஒரே பிராண்டு, ஒரே தயாரிப்பு. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 200 வோல்ட் ஜோடி நிறையக் கிடைக்கும், விலையும் சல்லிசு. ஆனால் நம் மோசமான கணக்கு 193. 200-க்கும் அதற்கும் இடையே மூச்சுவிட இடம் இல்லை. கெப்பாசிட்டருக்கு மட்டும் புதிதாகச் செலவு செய்யுங்கள்.

பிளீடர்: ஒவ்வொரு டபுளர் கெப்பாசிட்டரின் குறுக்கேயும் 47 கிலோ ஓம், 3 வாட். மோசமான நிலையில் ஒவ்வொன்றும் 0.8 வாட் எரிக்கும். 1 வாட் போட்டால் சில மாதங்களில் கருகி ஓப்பன் ஆகும். ஓப்பன் ஆனது வெளியே தெரியாது என்பதுதான் ஆபத்து.

ஃபில்ட்டர்: சோக்கும் (இரும்புக் கோரில் சுற்றிய காயில்), 100 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கெப்பாசிட்டரும். டபுளரில் ரிப்பிள் ஏறக்குறைய 10 வோல்ட் இருக்கும். கரண்ட்டை 20 மில்லி செகண்டால் பெருக்கி 220 மைக்ரோஃபாரடால் வகுத்தால் கிடைப்பது. சிங்கிள் எண்டட் வால்வு இந்த உறுமலை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்பும். 150 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரடும் வைத்தால் 1 வோல்ட்டுக்குத்தான் இறங்கும், போதாது. 5 ஹென்றி சோக் வைத்தால் 50 மில்லி வோல்ட். அதைச் சுற்றித் தருகிறவர் கிடைக்கவில்லையென்றால் பழைய 40 வாட் ட்யூப்லைட்டின் செம்புச் சோக் இரண்டைத் தொடரில் போடலாம். ஒன்று சுமார் 1 ஹென்றி இருக்கும், கரண்ட் 0.4 ஆம்பியர் வரை தாங்கும்படி கோரில் இடைவெளி விட்டே செய்திருப்பார்கள். ரிப்பிள் 100 மில்லி வோல்ட் பக்கம் வரும். எலக்ட்ரானிக் சோக் இதற்கு உதவாது; அதற்குள் இருப்பது வேறு சர்க்யூட். சோக்கின் இரும்பை எர்த் செய்த சேசிஸில் இறுக்குங்கள்.

இ.சி.சி.83-க்கு இன்னும் ஒரு படி: 10 கிலோ ஓம் 1 வாட், 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட். ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர்கள் 630 வோல்ட்.

பியூஸ் இரண்டு. பிரைமரியில் ஃபேஸ் வயரில் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ. செகண்டரியில் அ முனைக்கும் டயோடுக்கும் நடுவே 630 மில்லி ஆம்பியர் ஸ்லோ. இரண்டாவதை டபுளருக்குப் பின்னால் எச்.டி.யில் வைக்காதீர்கள். ஏ.சி.யில் கரண்ட் நொடிக்கு 100 முறை ஜீரோவைத் தொடுவதால் பியூஸ் கம்பி உருகும்போது வரும் தீப்பொறி அணைந்துவிடும். டி.சி.யில் அது அணையாமல் கண்ணாடிக்குள்ளேயே தொடர்ந்து எரியலாம்.

ஸ்விட்ச் இரண்டு துருவ வகை, ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து துண்டிக்க வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களின் பழைய வயரிங்கில் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது அபூர்வம் இல்லை.

வைண்டிங் கடையில் என்ன எழுதிக் கொடுப்பது

வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பிரைமரி 0–230–250 வோல்ட். செகண்டரி ஒன்று: 0–115 வோல்ட், 0.5 ஆம்பியர், தனி வைண்டிங், டேப் வேண்டாம். செகண்டரி இரண்டு, வால்வு ஹீட்டர்களுக்கு: 6.3 வோல்ட், 2.5 ஆம்பியர். இ.எல்.84 ஒன்று 0.76, இ.சி.சி.83 0.3, மொத்தம் 1.82 ஆம்பியர்தான், மிச்சம் இருப்புக்கு. மொத்தம் 80 வி.ஏ. பிரைமரிக்கும் செகண்டரிகளுக்கும் நடுவில் செம்புத் தகடு ஷீல்டு ஒரு சுற்று, முனைகள் ஒன்றையொன்று தொடாமல், அதிலிருந்து ஒரு வயர் வெளியே. வார்னிஷில் முக்கி அடுப்பில் உலர்த்த வேண்டும். மேலே தூரிகையால் தடவினால் போதாது. கடற்காற்று அடிக்கும் இந்தப் பக்கத்தில் ஈரம் உள்ளே இறங்காமல் இருக்க இது முக்கியம்.

ஷீல்டின் முனைகள் தொட்டுக்கொண்டால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிடும், ட்ரான்ஸ்ஃபார்மர் லோடில்லாமலே சூடாகும். வாங்கும்போதே பிரைமரியை மட்டும் கொடுத்து அரை மணி நேரம் வைத்துத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. ரீவைண்டிங் கடைகளில் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் இருக்கும். பிரைமரிக்கும் செகண்டரிக்கும், பிரைமரிக்கும் கோருக்கும், செகண்டரிக்கும் கோருக்கும் என மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். புதிய ட்ரான்ஸ்ஃபார்மரில் நூறு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும்.

எர்த்

சேசிஸ் உலோகமாக இருக்க வேண்டும், மூன்று பின் பிளக்கின் பச்சை வயர் அதற்கென்றே உள்ள ஒரு போல்ட்டில் வர வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் லக், ஸ்டார் வாஷர், நட்டு, அதன் மேல் இன்னொரு லாக் நட்டு. ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கும் போல்ட்டையே எர்த்துக்கும் பயன்படுத்தினால் ஒரு நாள் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றும்போது எர்த்தும் கழன்றுவிடும். ஷீல்டு வயரும் இங்கேதான். சர்க்யூட்டின் ஜீரோ வோல்ட், கடைசி ஃபில்ட்டர் கெப்பாசிட்டரின் மைனஸிலிருந்து ஒரே ஒரு இடத்தில் சேசிஸைத் தொட வேண்டும். முடித்த பிறகு பிளக்கின் எர்த் பின்னிலிருந்து சேசிஸ் வரை மீட்டரில் பாருங்கள். மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸைக் கழித்தால் அரை ஓமுக்குள் இருக்க வேண்டும்.

ஆம்ப் பக்கம் இவ்வளவு செய்தாலும் வீட்டின் எர்த் உயிரோடு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்றில் எர்த் பைப்பின் கிளாம்ப் துருப்பிடித்து வயர் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மீட்டரில் 230 காட்டினால் மட்டும் நம்பிவிடக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த கரண்ட்டில் அளப்பதால் துருவின் வழியாகவும் 230 காட்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் ரெசிஸ்டன்ஸைச் சோதிப்பதே சரி. புளியந்தோப்பு, வியாசர்பாடி மாதிரி தண்ணீர் தேங்கும் இடங்களில் மழைக்காலத்தில் ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தரையில் கிடக்கக் கூடாது.

ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறது, ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிவிடும் என்ற நம்பிக்கை மெயின்ஸ் பக்கத்துக்கு மட்டும் பொருந்தும். நம் எச்.டி. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் பிரிந்து நிற்கிறது. ஒரு கை எச்.டி.யிலும் மறு கை சேசிஸிலும் பட்டால் கரண்ட் கெப்பாசிட்டருக்கும் உங்களுக்கும் இடையே மட்டும் சுற்றும், ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது.

தேங்கி நிற்கும் சார்ஜ்

டபுளரும் ஃபில்ட்டரும் சேர்ந்து 386 வோல்ட்டில் 15 ஜூலுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். பிளீடர்கள் அதை 50 வோல்ட்டுக்கு இறக்க 50 செகண்டு வரை ஆகும். அதற்குள் கை வைக்கவே கூடாது, அதற்குப் பிறகும் அளந்துவிட்டே வைக்க வேண்டும்.

ஒரு டிஸ்சார்ஜ் குச்சி செய்துகொள்ளுங்கள். அரை அடி பி.வி.சி. குழாய், அதற்குள் 4.7 கிலோ ஓம் 10 வாட் வயர்வுண்டு ரெசிஸ்டர், ஒரு முனையில் குழாயிலிருந்து ஒரு அங்குலம் நீட்டிய தடித்த செம்புக் கம்பி, மறுமுனையில் முதலைக் கிளிப் வைத்த நீள வயர். கிளிப்பை முதலில் ஜீரோ வோல்ட்டில் மாட்டுங்கள், பிறகு குச்சியால் எச்.டி.யைப் பத்து செகண்டு தொடுங்கள். நடுப்புள்ளியையும் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டரின் உள்வயர் அறும், தெறிக்கும் உலோகத் துளி கண்ணைத் தேடி வரும். டிஸ்சார்ஜ் செய்த எலக்ட்ரோலிட்டிக் சில நிமிடங்களில் தானாகச் சில வோல்ட் மீண்டும் ஏறும். நீண்ட வேலை என்றால் குச்சியை எச்.டி.க்கும் ஜீரோவுக்கும் நடுவே மாட்டியபடியே விட்டுவிடுங்கள், கரண்ட் கொடுக்கும் முன் எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

எச்.டி.க்கும் ஜீரோவுக்கும் நடுவே ஒரு நியான் விளக்கை, இரண்டு 100 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் தொடரில் போட்டு முன்பக்கத்தில் வைத்தால் சார்ஜ் இருப்பது கண்ணுக்குத் தெரியும். 60, 70 வோல்ட்டுக்குக் கீழே அது அணைந்துவிடும். எரிந்தால் தொடாதே என்று அர்த்தம். அணைந்தால் தொடலாம் என்று அர்த்தம் இல்லை.

கட்டுவது

டேக் போர்டில் (சால்டர் செய்ய உலோகக் காதுகள் வரிசையாக உள்ள பலகை) கட்டுங்கள். எச்.டி. டேக்குக்கும் பக்கத்து டேக்குக்கும் நடுவே ஒரு காலி டேக், சேசிஸுக்கு 8 மில்லி மீட்டருக்குக் குறையாத இடைவெளி. கெப்பாசிட்டர் இ.எல்.84-லிருந்து குறைந்தது 5 சென்டி மீட்டர் தள்ளி. பிளீடர்கள் சூடாகும், அவற்றைக் கெப்பாசிட்டரின் உடலில் சாய்க்காமல் சற்றுத் தூக்கி நிறுத்துங்கள். வயருக்கு, 1100 வோல்ட் என்று அச்சிட்ட 0.75 சதுர மில்லி மீட்டர் வீட்டு வயர் போதும். எச்.டி. சிவப்பு, ஜீரோ கறுப்பு. பச்சையை எர்த்தைத் தவிர எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சால்டர் செய்யும் முன் வயரை டேக்கில் சுற்றிக் கட்டுங்கள், ஈயம் உருகினாலும் கழலக் கூடாது. மெயின்ஸ் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் க்ரோமெட், உள்ளே இழுத்தால் வராத கிளாம்ப். அதில் எர்த் வயர் மற்ற இரண்டையும் விட நீளமாக இருக்கட்டும். யாராவது இழுத்துப் பிய்த்தால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்க வேண்டும்.

6.3 வோல்ட் வைண்டிங்கின் இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்றை ஜீரோ வோல்ட்டுக்குப் போடுங்கள். இல்லையென்றால் ஹீட்டர் மிதந்துகொண்டு உறுமலைச் சேர்க்கும்.

முதல் முறை கரண்ட் கொடுப்பது

காலில் ரப்பர் செருப்பு, உலர்ந்த தரை, வீட்டில் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தெரிந்த இன்னொருவர். மீட்டர் 600 வோல்ட் கேட் 3 (CAT III என்று அச்சிட்டிருக்கும்) வகை. கறுப்பு வயரைக் கரண்ட் இல்லாதபோதே கிளிப்பால் ஜீரோவில் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளக்க வேண்டும். மறு கை சேசிஸைத் தொடாமல் முதுகுக்குப் பின்னால்.

1. ஃபேஸ் வயரில் தொடராக 60 வாட் குண்டு பல்பு. எல்.ஈ.டி. பல்பு இதற்குப் பயன்படாது. வால்வுகள் இல்லை, செகண்டரி பியூஸும் இல்லை. செகண்டரியில் 124 வோல்ட் பக்கமாகவும், ஹீட்டர் வைண்டிங்கில் 6.8 பக்கமாகவும் காட்டும். பல்பு மங்கலாகக்கூட எரியாது.

2. கரண்ட்டை நிறுத்தி, செகண்டரி பியூஸைப் போட்டு மீண்டும் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் உடனே நிறுத்துங்கள்: டயோடு திரும்பியிருக்கிறது அல்லது கெப்பாசிட்டர் திரும்பியிருக்கிறது. முகத்தைக் கெப்பாசிட்டரின் மேல் நீட்டாதீர்கள்.

3. எச்.டி.யை அளங்கள், பிறகு நடுப்புள்ளியை. நடுப்புள்ளி எச்.டி.யில் சரிபாதி இருக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு பக்க டயோடையும் கெப்பாசிட்டரையும் சந்தேகியுங்கள்.

4. நிறுத்துங்கள், டிஸ்சார்ஜ் செய்யுங்கள், பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து, லோடில்லாத வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். 386-ஐத் தாண்டினால் பிரைமரியை 250 டேப்புக்கு மாற்றுங்கள்.

5. மீண்டும் நிறுத்தி டிஸ்சார்ஜ். வால்வுக்குப் பதிலாக, ஃபில்ட்டருக்குப் பின்னால் 40 வாட் குண்டு பல்பு இரண்டைத் தொடரில் போடுங்கள். சுமார் 0.13 ஆம்பியர் இழுக்கும், நம் ஆம்பைவிடச் சற்றே அதிகம். ஒரு மணி நேரம் ஓடட்டும். எச்.டி. 260 முதல் 275 வரை நின்றால் சரி. நிறுத்தி, டிஸ்சார்ஜ் செய்து, அளந்த பிறகே எதையும் தொட்டுப் பாருங்கள்: ட்ரான்ஸ்ஃபார்மர் கை வைத்துப் பொறுக்கும் சூட்டில், கெப்பாசிட்டர்கள் சூடே இல்லாமல் இருக்க வேண்டும்.

6. வால்வுகளைப் போட்டு, ஸ்பீக்கரையும் இணைத்துக் கொடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போகும். ஒவ்வொரு இ.எல்.84-இன் கேத்தோடு ரெசிஸ்டரிலும் வோல்டேஜை அளங்கள். 135 ஓமில் 7.3 வோல்ட் என்றால் 54 மில்லி ஆம்பியர். 250 வோல்ட்டும் 48 மில்லி ஆம்பியரும் சேர்ந்தால் 12 வாட், அதுவே இ.எல்.84-இன் உச்ச வரம்பு. உங்கள் தெருவில் மாலைக்குப் பிறகு வோல்டேஜ் ஏறும் என்றால் 135-க்குப் பதில் 150 ஓம் 2 வாட் போடுங்கள்; சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, வால்வு நீண்ட நாள் வரும். ஹீட்டர் 5.7-க்கும் 6.9-க்கும் இடையில் இருக்கட்டும், 6.3-ஐ ஒட்டியிருந்தால் நல்லது.

எது கெட்டால் எப்படித் தெரியும்

உறுமலைக் காதால் பிரிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் உறுமல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும்: ஃபில்ட்டர் கெப்பாசிட்டர் வற்றிவிட்டது, அல்லது ஜீரோ வோல்ட் இரண்டு இடத்தில் சேசிஸைத் தொடுகிறது. 50 ஹெர்ட்ஸ் அடித்தொண்டையில் வரும்: எச்.டி.யும் பாதியாகியிருந்தால் ஒரு டயோடு ஓப்பன், எச்.டி. சரியாக இருந்தால் ஹீட்டரின் 100 ஓம்களில் ஒன்று அறுந்திருக்கும்.

கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் சுருங்கி, ட்ரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் இடுகிறதா? பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் 230 என்பதற்கு உச்சமும் 230-தான். சைன் வேவில் 325. டபுளர் உச்சத்தை நம்பி வாழ்வது, ஆகவே எச்.டி. 200 வோல்ட் பக்கம் இறங்கும். கோளாறு இல்லை, ஆனால் அப்போது ஆம்பை நிறுத்திவைப்பதே நல்லது.

செகண்டரி பியூஸ் மாதம் ஒரு முறை போகிறது என்றால் பெரிய பியூஸ் போடாதீர்கள். இ.எல்.84-இன் கப்ளிங் கெப்பாசிட்டர் ஒழுகி வால்வு அதிகம் இழுக்கிறதா என்று கேத்தோடு வோல்டேஜில் பாருங்கள். 9, 10 என்று ஏறியிருந்தால் அதுதான்.

கேத்தோடு வோல்டேஜ் மழைக்காலத்தில் மட்டும் ஏறி, படபட என்று சத்தமும் வந்தால் டேக் போர்டைப் பாருங்கள். திருவொற்றியூர்ப் பக்கம் ஜன்னல் ஓரமாக வைத்த ஆம்பில் உப்பும் தூசியும் சேர்ந்து ஒரு படலம் படியும். ஈரம் பட்டதும் அது கரண்ட்டைக் கடத்தும். எச்.டி. டேக்குக்கும் கிரிட் டேக்குக்கும் நடுவே 300 மெகா ஓம் ஒழுக்கு இருந்தாலே 1 மைக்ரோ ஆம்பியர் போகும். 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், வால்வின் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் 7.3 வோல்ட் பயாஸில் அவ்வளவு தின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி, டிஸ்சார்ஜ் செய்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால் போர்டைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் காய்ந்த பிறகு, சால்டர் செய்த இடங்களின் மேல் இன்சுலேட்டிங் வார்னிஷ் ஸ்ப்ரே இரண்டு கோட். வால்வு சாக்கெட்டின் பின் துளைகளை முதலில் டேப் ஒட்டி மூடிக்கொள்ளுங்கள். வார்னிஷ் உள்ளே போனால் வால்வின் பின் சரியாகப் பிடிக்காது.